தோமஸ் பெய்னும் ஒரு சிறு பிரசுரமும்



இத்தொடரில் நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்று பலவற்றைப் பற்றியும் பேசிவந்திருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இவற்றுள் எதிலும் அடங்காத ஒன்று. ஓர் இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய ஒரு சிறு பிரசுரம். அதுவும் அரசியல் பிரசாரத்துக்கென்றே எழுதப்பட்டது. "பிரசாரம் இலக்கியமாகுமா?" என்று நம்மவரிற் சிலர் முகஞ் சுளிக்கலாம். அந்தக் கேள்விக்குச் சற்றுப் பின்னர் வருகிறேன். முதலில் அது எழுந்த சூழ்நிலையைப் பார்ப்போம்.

1776 ஜனவரி மாதம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரித்தானிய முடிக்குரிய 13 குடியேற்ற நாடுகள். ஏறத்தாழ 25 இலட்சம் மக்கள். வரி விதிப்புத் தொடர்பாக லண்டன் பாராளுமன்றத்துடன் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தகராறு. 1775 ஏப்ரில் 19 ஆம் திகதி லெக்சிங்டன், கொன்கோர்ட் ஆகிய ஊர்களில் துப்பாக்கிகள் வெடித்துவிட்டன. ஜூன் மாதத்தில் பங்கர் குன்றிலே பெரும் சண்டை. இரு பக்கத்திலும் இரத்தம் சிந்தியாயிற்று. இத்தனைக்குப் பிறகும், பிரிந்து போவோம் என்று வாய்திறந்து சொல்லத் துணிந்தவர்கள் மிகச் சிலரே. அங்கிலிக்கன் தேவாலயங்களில் அரசரின் நலனுக்காகச் செபம் நடந்துகொண்டிருந்தது. தம்மைச் சுட வந்த படையைக்கூட அரசரின் படை என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. 'மந்திரிமாரின் படை' என்றே சொன்னார்கள். ஜோர்ஜ் வொஷிங்டனும் தமது கடிதங்களில் அப்படியே எழுதினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்கிறோம் அல்லவா? அதே நினைப்புத்தான். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நல்லவர். அவரைச் சுற்றி நிற்பவர்களே கெட்டவர்கள். உண்மை அவர் காதுக்கு எட்டினால் எல்லாம் சரியாகிவிடும். 1775 ஜூலையில் குடியேற்ற நாடுகளின் பேரவையான கொங்கிரஸ் அரசருக்குப் பணிவான ஒரு விண்ணப்பத்தை அனுப்பியது. அரசர் அதனை ஏற்றுக்கொள்ளவே மறுத்தார். ஓகஸ்டில் அவர்களைக் கலகக்காரர் என்று பிரகடனஞ் செய்தார். அப்படியிருந்தும் நம்பிக்கை அறவில்லை. மன்னனே உலகுக்கு உயிர் என்று பாடிய மரபில் வந்த நமக்கு இது விளங்காத சங்கதியல்ல. ஒரு பாராளுமன்றத்தை வெறுப்பது இலேசு. அரசரை வெறுப்பதற்குப் பெற்ற தகப்பனை வெறுப்பது போன்ற ஒரு மனக்கூச்சம் குறுக்கே நிற்கிறது.

அந்தக் கூச்சத்தைத்தான் 'கொமன் சென்ஸ்' என்ற பிரசுரம் உடைத்தது. 1776 ஜனவரி 10 ஆம் திகதி பிலடெல்பியா நகரில் அது விற்பனைக்கு வந்தது. விலை இரண்டு ஷில்லிங். எழுதியவர் பெயர் இல்லை. ஓர் ஆங்கிலேயர் எழுதியது என்று மாத்திரமே போடப்பட்டிருந்தது. தலைப்பைத் தமிழாக்குவது சிரமம். 'பொது அறிவு' என்றால் நம் மாணவருக்குப் பரீட்சைப் புத்தகம் நினைவுக்கு வரும். 'இயல்பறிவு' என்று சொல்லிப் பார்க்கிறேன்: படித்தவன், படியாதவன் எல்லாரிடத்தும் இயல்பாய் உள்ள அறிவு.

எழுதியவர் தோமஸ் பெய்ன். அப்போது அவருக்கு 38 வயது. இங்கிலாந்தில் தெற்போர்ட் என்ற சிற்றூரில் 1737 இல் பிறந்தவர். தந்தையார் பெண்களின் இடுப்புக் கச்சு தைக்கும் தொழிலாளி. குவேக்கர் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்தவர். மகனும் பதின்மூன்று வயதளவில் அதே தொழிலுக்கு வந்தார். பின்னர் மதுபானம் முதலியவற்றுக்கு வரி அறவிடும் சிறு அரசாங்க உத்தியோகம். சம்பளம் போதாது என்று சக உத்தியோகத்தர்களுக்காக 1772 இல் ஒரு விண்ணப்பப் பிரசுரம் எழுதினார். பலன் எதுவுமில்லை. 1774 இல் வேலையும் போயிற்று, கடையும் போயிற்று, மனைவியுடனான வாழ்வும் முறிந்தது. லண்டனில் பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்து, அவரிடம் ஓர் அறிமுகக் கடிதம் பெற்றுக்கொண்டு கப்பலேறினார். வழியில் கடுங்காய்ச்சல். 1774 நொவெம்பர் 30 ஆம் திகதி பிலடெல்பியாத் துறைமுகத்தில் அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். அங்கே ஒரு மாத இதழில் ஆசிரிய வேலை கிடைத்தது. கரையில் இறங்கிய பதினான்காவது மாதத்திலே இந்தப் பிரசுரம்.

அந்நகரின் இளம் வைத்தியர் பெஞ்சமின் ரஷ் இந்த விடயத்தை எழுதுமாறு பெய்னைத் தூண்டியவர். ஆனால் சுதந்திரம், குடியரசு என்ற இரண்டு சொற்களையும் தவிர்த்துக்கொள்ளும்படி எச்சரித்தாராம். பெய்ன் கேட்கவில்லை. 'வெளிப்படையான உண்மை' என்ற பொருளில் பெய்ன் வைக்க எண்ணிய பெயரை மாற்றி, இன்றுள்ள பெயரைச் சூட்டியவரும் ரஷ் தான். றொபேர்ட் பெல் என்ற அச்சகர் துணிந்து அச்சிட்டார். இலாபத்தில் தமக்குரிய பங்கை, கனடாப் பக்கம் குளிரில் போரிடும் படைவீரருக்குக் கையுறை வாங்கக் கொடுப்பதாகப் பெய்ன் ஏற்பாடு செய்தார். முதற் பதிப்பு மளமளவென்று விற்றது. ஆனால் இலாபமே இல்லை என்றார் பெல்! எழுத்தாளரும் அச்சகரும் பத்திரிகையில் பகிரங்கமாகச் சண்டை பிடித்தார்கள். பெய்ன் வேறு அச்சகத்துக்குப் போய், சேர்க்கைகளுடன் பாதி விலைக்கு ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். நம் நாட்டில் புத்தகம் போட்டுப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்களோ, பெருமூச்சு விடுவார்களோ, அறியேன்.

சரி, அப்படி என்னதான் எழுதினார்?

பாராளுமன்றத்தின் வரிச் சட்டங்களைப் பற்றி அவர் தொடங்கவில்லை. அதைப்பற்றி எழுதிக் குவித்தவர்கள் ஏற்கெனவே பலர். ஜோன் டிக்கின்சன் போன்ற சட்டத்தரணிகள், ஆங்கில யாப்பின்படி எங்களுக்கு இன்னின்ன உரிமை உண்டு என்று இலத்தீன் மேற்கோள்களோடு வாதாடியிருந்தார்கள். அந்த ஆங்கில யாப்பையே பெய்ன் தூக்கி மேசையில் வைத்தார். அரசர், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் அற்புத அமைப்பு என்று அக்கால அறிஞர்கள் புகழ்ந்தது அது. பெய்ன் கேட்கிறார்: அரசரைக் கண்காணிக்கப் பொதுச்சபை வேண்டும் என்றால், அரசர் நம்பத்தகாதவர் என்று ஒப்புக்கொண்டாயிற்று. பிறகு அதே அரசருக்குப் பொதுச்சபையின் சட்டத்தைத் தள்ளிவிடும் அதிகாரம் எதற்கு? நம்பத்தகாதவர் என்று முதலில் முடிவு செய்த ஒருவரை, எல்லாரிலும் அறிவாளி என்று பிறகு முடிவு செய்வதா? ஒரு சந்தைக் கடைக்காரனுக்கும் விளங்கும் கேள்வி இது. அதற்கு விடை சொல்ல ஒரு பேராசிரியர் வேண்டும், அவரும் தடுமாறுவார்.

அடுத்து, பரம்பரை ஆட்சி. ஒரு தலைமுறை தனக்குப் பிடித்தவரை அரசராக்கிக்கொள்ளட்டும். பிறவாத பேரப்பிள்ளைகளையும் அந்த அரசரின் பேரப்பிள்ளைகளுக்கு அடிமையாக எழுதிக்கொடுக்க அவர்களுக்கு என்ன உரிமை? முதல் அரசர் எப்படி வந்தார்? இங்கிலாந்தின் அரச பரம்பரை 1066 இல் நோர்மண்டியிலிருந்து ஆயுதக் கும்பலோடு கடல் கடந்து வந்தவரிடமிருந்து தொடங்குகிறது. அந்த வேரிலே தெய்வீகம் எங்கே இருக்கிறது என்று நையாண்டி செய்கிறார் பெய்ன்.

இதற்கு மேல் விவிலியம். அவருடைய வாசகர்கள் பெரும்பாலும் சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர்கள். வீட்டில் வேறு புத்தகம் இல்லாவிட்டாலும் விவிலியம் இருக்கும். இஸ்ரவேல் மக்கள் தமக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டபோது சாமுவேல் தீர்க்கதரிசி எச்சரித்த கதையையும், கிதியோன் முடியை மறுத்த கதையையும் விரிவாக எடுத்து, அரசு என்பதே இறைவனுக்கு உவப்பில்லாத ஏற்பாடு என்று நிறுவுகிறார். இந்த வாதம் மில்டனிடமிருந்து எடுத்தது என்று பெய்ன் சிரித்துக்கொண்டே சொன்னதாகவும், பழைய ஏற்பாட்டை இகழ்ந்து பேசியதாகவும் ஜோன் அடம்ஸ் பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இதை வைத்துப் பெய்னைப் போலி என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்போர் கையில் உள்ள புத்தகத்திலிருந்தே பேசுவது மேடைப் பேச்சாளனின் பழைய வழக்கம். சட்டத்தரணிகள் இலத்தீனில் பேசியதை விட இது நேர்மையானது.

'தாய்நாடு' என்ற சொல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாயென்றால் பிள்ளைமேல் படையெடுப்பாளா? அதுவுமன்றி, பென்சில்வேனியாவில் மூன்றில் ஒரு பங்கினர்கூட ஆங்கில வழியினர் அல்லர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து துன்பத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கு இங்கிலாந்து எப்படித் தாயாகும்? ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆளும் என்பது இயற்கைக்கே பொருந்துமா? ஐரோப்பியர் சாப்பிடுகிறவரை நமது தானியத்துக்குச் சந்தை இருக்கும், இங்கிலாந்தின் பாதுகாப்பு எதற்கு? இப்படியே போகிறது. கடற்படை கட்ட என்ன செலவாகும் என்று ஒரு பட்டியல்கூட உண்டு. 100 பீரங்கிக் கப்பலுக்கு 35,553 பவுண். இந்தப் பகுதி இன்று வாசிக்கச் சலிப்புத் தட்டும். ஆனால் அன்று அதன் வேலை வேறு. சுதந்திரம் என்பது கனவல்ல, கணக்குப் பார்த்துச் செய்யக்கூடிய காரியம் என்று காட்டுவதற்கு அந்தப் பட்டியல் வேண்டியிருந்தது.

அரசர் போனால் யார் அரசர்? சட்டமே அரசர் என்கிறார். அதற்கு ஒரு சடங்கும் சொல்கிறார். சட்ட ஏட்டின் மேல் ஒரு முடியை வைக்க வேண்டும். பிறகு அந்த முடியை உடைத்து, துண்டுகளை அதற்குரிய மக்களிடையே சிதறிவிட வேண்டும். நாடக ஆசிரியன் ஒருவனுக்கே தோன்றக்கூடிய காட்சி இது.

இப்போது நான் முதலில் ஒதுக்கிவைத்த கேள்வி. வானொலிக்கு எழுதிப் பழகியவன் என்ற முறையில் எனக்குப் பெய்னின் உரைநடை தனி வியப்பைத் தருகிறது. அது கண்ணுக்காக எழுதப்பட்டதல்ல, காதுக்காக எழுதப்பட்டது. தவறணைகளிலும் படை முகாம்களிலும் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் சூழநின்று கேட்டார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. குவேக்கரான தகப்பனார் இலத்தீன் படிக்க இடங்கொடாதது பெய்னுக்கு ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. பிறமொழி மேற்கோள் இல்லாமல், பழமொழி போலத் தெறிக்கும் குறு வாக்கியங்களும், அவற்றுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் நீண்ட வாக்கியங்களும் கலந்து வருகின்றன. கோபம் இருக்கிறது, ஆனால் கோபத்துக்கு முன்னால் ஒரு காரணம் இருக்கிறது. நினைக்கவே கூசிய ஒன்றை, "இதைத்தானே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று ஒரு கமக்காரனைச் சொல்ல வைப்பது சொற்கலை இல்லையென்றால், வேறெது சொற்கலை?

எத்தனை பிரதிகள் விற்றன? மூன்று மாதத்தில் ஒரு இலட்சத்து 20 ஆயிரம் என்று பெய்னே எழுதினார். பின்வந்தவர்கள் ஐந்து இலட்சம் வரை ஏற்றிவிட்டார்கள். அக்காலத்துக் கையச்சுப் பொறிகளையும் கடதாசித் தட்டுப்பாட்டையும் வைத்துப் பார்த்தால் இவை மிகை என்று இன்றைய ஆய்வாளர் சிலர் காட்டியிருக்கிறார்கள். அந்த ஓராண்டில் ஏறக்குறைய 25 பதிப்புகள் வந்தன. ஜெர்மன் பேசும் குடிகளுக்காக மொழிபெயர்ப்பும் வந்தது. அதுவே போதிய சான்று. வேர்ஜீனியாவில் பலருடைய மனத்தை அது மாற்றிவருகிறது என்று 1776 ஏப்ரிலில் வொஷிங்டன் ஒரு கடிதத்தில் எழுதினார். அடம்ஸுக்கு அரசரை எதிர்த்த பகுதி பிடித்தது. ஒரே சபை கொண்ட ஆட்சி என்ற யோசனை பிடிக்கவில்லை. இடிப்பதில் கெட்டிக்காரர், கட்டுவதில் அப்படியல்ல என்பது அவர் கணிப்பு. ஓரளவு நியாயமான கணிப்புத்தான்.

1776 ஜூலை 4 ஆம் திகதி ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள். குற்றச்சாட்டுகள் வரிசையாய் அடுக்கப்பட்டிருப்பது அரசர்மீது. பாராளுமன்றம் என்ற சொல்லே அதில் இல்லை. ஓராண்டுக்கு முன்னர் அந்த அரசருக்கே பணிவான விண்ணப்பம் எழுதிய அதே கொங்கிரஸ்! இந்த மாற்றத்துக்குப் பெய்ன் ஒருவரே காரணம் என்பது மிகை. ஊர்கள் எரிக்கப்பட்டதும், ஜெர்மன் கூலிப்படை அமர்த்தப்பட்டதும் பெருங் காரணங்கள். ஆனால் அந்நிகழ்ச்சிகளை எப்படிப் பார்ப்பது என்று கற்பித்தது அவருடைய பிரசுரம். ஜூலை 9 ஆம் திகதி நியூயோர்க்கில் பிரகடனம் வாசிக்கப்பட்டதும், ஜனக்கூட்டம் போய் மூன்றாம் ஜோர்ஜின் ஈயச் சிலையைக் கயிறு கட்டிக் கவிழ்த்தது. அந்த ஈயத்தை உருக்கி 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தார்கள்.

இதே மூன்றாம் ஜோர்ஜுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1815 மார்ச் 2 ஆம் திகதிய ஒப்பந்தத்தின்படி கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குப் போனபோது, அந்த முடிக்குரியவர் இவரே. அப்போது அவர் சித்தசுவாதீனம் இழந்து, 1811 முதல் மகன் பதிலாளராக ஆண்டுகொண்டிருந்தார். பரம்பரை ஆட்சி பற்றிப் பெய்ன் எழுப்பிய கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் கண்டியில் அதை யாரும் கேட்கவில்லை. ஓர் அரசரை இறக்கி இன்னோர் அரசரை ஏற்றுவது அங்கே நடந்தது. 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோதும் பிரித்தானிய முடியே அரசின் தலைமையில் இருந்தது. 1972 மே 22 ஆம் திகதி குடியரசானபோதுதான் அது போயிற்று. முடி போன அதே நாளில், சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவில் சிறுபான்மையோருக்கென இருந்த காப்பும் போயிற்று என்பது நேயர்கள் அறிந்த வரலாறு.

அரசர் போவது ஒன்று, எல்லாருக்கும் உரிமை வருவது வேறொன்று. 'கொமன் சென்ஸ்' நூலை மறுபடி வாசிக்கும்போது என்னை உறுத்துவதும் இதுதான். அந்த 25 இலட்சம் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். மனிதர் எல்லாரும் தொடக்கத்தில் சமமானவர்கள் என்று அரசருக்கு எதிராக வாதாடும் நூல், அவர்களுடைய விடுதலையைப் பற்றிப் பேசவில்லை. மாறாக, பழங்குடியினரையும் கறுப்பினத்தவரையும் எங்களுக்கு எதிராகத் தூண்டிவிட்டார்கள் என்று பிரித்தானிய ஆட்சியைச் சாடுகிறது. 1775 நொவெம்பரில் வேர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கலகக்காரரின் அடிமைகள் அரசரின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்திருந்தார். நூற்றுக்கணக்கானோர் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் அரசரின் பக்கத்தில் இருந்தது! பெய்ன் அடிமை முறையை வெறுத்தவர் என்பதில் ஐயமில்லை. 1780 இல் பென்சில்வேனியாச் சட்டசபை அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது அவரே அச்சபையின் எழுதுவினைஞர். ஆயினும் 1776 இல், தெற்குப் பகுதிப் பண்ணை முதலாளிகளையும் சேர்த்து ஒரு 'நாம்' கட்டவேண்டியிருந்தது. அந்த 'நாம்' சிலரை வெளியே விட்டுத்தான் கட்டப்பட்டது.

எதிர்த்து எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் சொல்லப்பட வேண்டும். மேரிலாந்து நிலச்சுவாந்தரான ஜேம்ஸ் சாமர்ஸ் ஒரு மறுப்பு எழுதினார். பெய்ன் கைவிட்ட 'வெளிப்படையான உண்மை' என்ற பெயரையே அவர் தம் நூலுக்குச் சூட்டினார் என்பது வேடிக்கை. நியூயோர்க்கில் சார்ள்ஸ் இங்கிலிஸ் என்ற குருவானவர் எழுதிய மறுப்பின் பிரதிகளைச் சுதந்திரக் கட்சியினர் அச்சகத்திலிருந்து அள்ளிக்கொண்டுபோய் எரித்தார்கள். பெய்ன் எரிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் நியாயத்தை முன்வைத்து வென்ற ஒரு நூலுக்கு அந்த நெருப்பு அழகு சேர்க்கவில்லை.

பெய்னுக்கு உண்மையான சோதனை பதினேழு ஆண்டுகளுக்குப் பின் பாரிஸ் நகரில் வந்தது. இங்கிலாந்தில் 'மனித உரிமைகள்' என்ற நூலை எழுதியதற்காக அவருக்கு எதிராக அரச நிந்தனை வழக்கு. அவர் பிரான்சுக்குப் போனார். அங்கே தேசியப் பேரவைக்கு உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரை என்ன செய்வது என்ற வாக்கெடுப்பு. அரசர் என்ற பதவியையே உலகெங்கும் ஒழிக்க எழுதியவர், அரசரைக் கொல்லவேண்டாம் என்று நின்றார். சிறையில் வைத்திருந்து, போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு நாடு கடத்துங்கள். அமெரிக்க விடுதலைக்கு உதவியவர் அவர் என்றார். பெய்னுக்குப் பிரெஞ்சு பேச வராது. இன்னொருவர் மொழிபெயர்த்து வாசிக்க, மரா இடைமறித்துக் கத்தினார்: இவர் ஒரு குவேக்கர், இவருக்கு இதில் வாக்களிக்கும் தகுதி இல்லை என்று. 'கொமன் சென்ஸ்' நூலில் மூன்றாம் ஜோர்ஜை மிகக் கடுமையான சொற்களால் ஏசியவர்தான் இவர். ஆயினும் ஏசியது வேறு, கொல்வது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரசர் 21 ஆம் திகதி கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசெம்பரில் பெய்ன் சிறைக்குப் போனார். பத்து மாதங்களுக்குப் பின்னரே வெளியே வந்தார்.

1802 இல் அமெரிக்கா திரும்பியபோது வரவேற்பு இல்லை. சமய நிறுவனங்களைத் தாக்கி அவர் எழுதிய நூல் அவரைப் பலருக்கு வேண்டாதவராக்கியிருந்தது. 1809 ஜூன் 8 ஆம் திகதி நியூயோர்க்கில் காலமானார். தங்கள் மயானத்தில் புதைக்கக் குவேக்கர்கள் இடங்கொடுக்கவில்லை. நியூ றொஷெல் என்ற ஊரில் அவருடைய தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்தார்கள். அவர்களில் இருவர் கறுப்பினத்தவர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து வில்லியம் கொபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் அந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து, நினைவுச் சின்னம் எழுப்புவதாகச் சொல்லி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஒரு காலத்தில் பெய்னை மிக மோசமாகத் தாக்கி எழுதியவரும் இதே கொபெட்தான். சின்னம் எழவில்லை. 1835 இல் கொபெட் இறந்தபின் எலும்புகள் கைமாறிப் போய், எங்கே போயின என்று தெரியாமலே போய்விட்டன.